பழைய பிக்கப் வண்டியின் முன் சஸ்பென்ஷன்: பட்டறையில் செய்யத்தக்கது எது, தகாதது எது?

புதுடெல்லி: உற்பத்தி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்த பிக்கப் மற்றும் ஜீப் வகை வண்டிகள் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு அரை நூற்றாண்டைக் கடந்த லேண்ட்ரோவர் வண்டிகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் பலவற்றின் அசல் என்ஜின்கள் அகற்றப்பட்டு மகிந்திரா டீசல் என்ஜின்கள் பொருத்தப்பட்டுள்ளன. சமவெளிகளில் காய்கறி, பால், கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டிகளை நம்பிப் பல சிறு வியாபாரிகளின் குடும்பங்கள் வாழ்கின்றன.

இத்தகைய வண்டியின் முன் சஸ்பென்ஷனில் ஒரு பாகம் உடைந்தால், அசல் உதிரிபாகம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. டெல்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடியும் கிடைக்காதபோது, உரிமையாளர் அருகிலுள்ள லேத் அல்லது வெல்டிங் பட்டறையை நாடுகிறார். உடைந்த துண்டைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்து தருமாறு கேட்கிறார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பாகம் சாலையில் முறிந்தால் வண்டியின் திசையும் பிரேக்கும் ஒரே நொடியில் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.

எனவே எந்தப் பாகத்தைப் பட்டறையில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, சட்டம் எங்கே கோடு வரைகிறது என்பதை உரிமையாளர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

கமான் பட்டையின் மூன்று பணிகள்

பழைய ஜீப் மற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன்பக்கத்திலும் ஒரே தண்டாக அமைந்த அச்சும், அதன் இருபுறமும் கமான் பட்டைக் கட்டுகளும் உள்ளன. கமான் கட்டின் ஒரு முனை சேசிஸுடன் அசையாத முளையில் இணைக்கப்படுகிறது. மறுமுனை ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது பட்டையின் நீளம் சற்றுக் கூடிக் குறையும். அதற்கு இடங்கொடுப்பதே ஷாக்கிளின் வேலை. நடுவில் யூ போல்ட்டுகள் பட்டையையும் அச்சையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

நவீன கார்களில் வெவ்வேறு பாகங்கள் பகிர்ந்துகொள்ளும் மூன்று பணிகளைக் கமான் பட்டை தனியாகச் செய்கிறது. அது வண்டியின் எடையைத் தாங்குகிறது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடித்து வைக்கிறது. பட்டையைத் தாங்கும் தாங்கியோ ஷாக்கிளோ முறிந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்வதோடு நிற்காது. முன் அச்சே இடம் பெயர்ந்து, ஸ்டீயரிங் திருப்பிய திசைக்குச் சக்கரம் திரும்பாமல் போகும்.

பிரேக் அழுத்தும் நொடியில் இந்தச் சுமை கணிசமாகக் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, சரக்குடன் சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் இடைவெளியும், எடை மையம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 60 சதவீத வேகக் குறைப்புடன் பிரேக் போட்டால், ஏறத்தாழ 480 கிலோ எடை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. அதே நேரத்தில் அச்சைச் சுழற்ற முயலும் முறுக்கு விசையும் பட்டைகள் மீது விழுகிறது. பட்டறை வாசலில் நிற்கும் வண்டியைத் தாங்கும் பாகம், சாலையில் இதைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

நகல் எடுப்பதும் அளவை மாற்றுவதும்

பட்டறை வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். தயாரிப்பாளர் வைத்த அதே அளவில், அதே அல்லது அதைவிட மேலான தரமுள்ள எஃகில் ஒரு பாகத்தைச் செய்வது முதல் வகை. அது பழுதுபார்ப்பு. வண்டியை உயர்த்துவதற்காகவோ, பெரிய சக்கரம் மாட்டுவதற்காகவோ, கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகவோ அளவை மாற்றுவது இரண்டாம் வகை. அது புதிய வடிவமைப்பு.

ஷாக்கிளை நீட்டி வண்டியை உயர்த்துவது இதற்கு நல்ல உதாரணம். அச்சு பட்டையின் நடுவில் இருப்பதால், ஷாக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி உயர்வது சுமார் 25 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டையில் இந்த மாற்றம் அச்சையே 2 முதல் 3 பாகை வரை சாய்த்துவிடும்.

பழைய ஜீப் வகைகள் பலவற்றில் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் உள்ளது. அவற்றில் இந்தச் சாய்வு, கிங் பின்னின் பின்நோக்கிய சாய்வைக் குறைக்கிறது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதற்குக் காரணம் அந்தப் பின்சாய்வே. அதன் மொத்த அளவே சில பாகைகள்தான் என்பதால், 2 பாகை குறைந்தாலும் வண்டி வேகத்தில் அலைபாயும், ஸ்டீயரிங் நடுங்கும். வண்டி உயரும்போது ஸ்டீயரிங் பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்கின் சாய்வும் கூடுகிறது. இதனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும், ஓட்டுநர் திருப்பாமலேயே வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கூடுதல் பாரத்துக்காகப் பட்டை சேர்ப்பதிலும் இதே கணக்கு உண்டு. 8 பட்டைகள் உள்ள கட்டில் அதே அளவில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 12 சதவீதம் கூடும். ஆனால் எல்லாப் பட்டைகளையும் 6 மில்லிமீட்டர் தடிமனிலிருந்து 7 மில்லிமீட்டருக்கு மாற்றினால் விறைப்பு ஏறத்தாழ 59 சதவீதம் கூடிவிடும். விறைப்பு தடிமனின் முப்படி விகிதத்தில் உயர்வதே இதற்குக் காரணம். பட்டை வாங்காத அதிர்ச்சி முழுவதும் சேசிஸுக்கும் தாங்கிகளுக்கும் போய்ச் சேரும்.

நகல் எடுப்பதிலும் கவனம் தேவை. தேய்ந்த பாகத்தை அளந்து செய்தால் தேய்மானமும் நகலாகிவிடும். நீள்வட்டமாகிப் போன துளையின் நடுப்புள்ளி, அசல் துளையின் நடுப்புள்ளி அல்ல. ஆகவே சேதமடையாத மறுபக்கப் பாகத்தையோ, தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேட்டையோ அடிப்படையாகக் கொள்வதே முறை. வலது, இடது பாகங்கள் இரண்டையும் ஒரே அச்சுச் சட்டத்தில் பொருத்திச் செய்ய வேண்டும். பொருத்திய பின், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் இருபுறமும் சமமாக உள்ளதா என்றும், குறுக்கு மூலை அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

எஃகு எல்லாம் ஒன்றல்ல

பட்டறைகளில் எளிதில் கிடைக்கும் சாதாரணக் கட்டுமான எஃகு, ஐ.எஸ். 2062 தரநிலையின் இ250 வகையைச் சேர்ந்தது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ இழுவிசைக்கு மேல் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். யூ போல்ட்டுகளுக்குப் பரவலாகப் பயன்படும் 8.8 தர போல்ட் எஃகுக்கு இந்த எல்லை சுமார் 65 கிலோ. கடையில் வாங்கிய சாதாரண இரும்புக் கம்பியை வளைத்து, லேத்தில் மரை வெட்டிச் செய்யும் யூ போல்ட், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பாதி வலிமைகூட இல்லாதது. அது மெல்ல நீளும், பிடி தளரும், பட்டையின் நடு போல்ட் அறுந்து அச்சு நகரும்.

தடிமனில் செய்யும் சிக்கனமும் ஆபத்தானது. தகடு வளையும் திசையில் சுமை விழும் இடத்தில், 10 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 8 மில்லிமீட்டர் தகடு பயன்படுத்தினால் வலிமை 36 சதவீதம் குறைகிறது.

கமான் பட்டை தனி வகை எஃகு. அதைச் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் அளவான வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். தொய்ந்த பட்டையை கேஸ் சுடரில் சிவக்கச் சூடாக்கித் தட்டி வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். சூடு பட்ட இடம் மென்மையாகி மீண்டும் தொய்யும். வேகமாகக் குளிர்ந்தால் நொறுங்கும். அதன்மீது வெல்டிங் செய்வதும் இதே விளைவைத் தரும். முறிந்த பட்டையை ஒட்டவைப்பதைவிட, அளவு சொல்லிப் புதிய பட்டை வாங்குவதே பாதுகாப்பானது. இரு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுவது நல்லது.

வெல்டிங்கில் மறைந்திருக்கும் குறை

சேசிஸுடன் தாங்கியை இணைக்கும் வெல்டிங், பாகத்தின் மிகப் பலவீனமான இடமாக அமையலாம். மேலே அழகாகத் தெரியும் வெல்டிங்கின் அடியில் உலோகம் ஒன்றோடொன்று உருகிச் சேராமல் இருக்கக்கூடும். சுமை தாங்கும் இடங்களில் குறைந்த ஹைட்ரஜன் வகை வெல்டிங் ராடுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் அவை ஈரம் பட்டால் பயன் இழக்கும். மழைக்காலத்தில் திறந்த பெட்டியில் கிடந்த ராடைக் காயவைக்காமல் பயன்படுத்தினால், வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் தோன்றலாம்.

சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் செய்வதும் துளையிடுவதும் பொதுவாகத் தவிர்க்கப்பட வேண்டியவை. வளைவுச் சுமை அதிகம் விழும் இடம் அதுவே.

விரிசலைக் கண்டறியச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. வெல்டிங் மீது சிவப்புச் சாயத் திரவத்தைத் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடித் திரவத்தைத் தெளிக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடாக எழும். இந்தச் சோதனைக்கான தெளிப்பான்கள் தொழிற்கருவிக் கடைகளில் கிடைக்கின்றன. மேற்பரப்பு வரை வந்த விரிசலை மட்டுமே இது காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே சட்டம் மாற்றம் என வரையறுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இந்தப் பிரிவுக்கு முழு அளவில் செயல்வடிவம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்து, கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது.

அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முக்கியப் பாதுகாப்புப் பாகம் என மத்திய அரசு அறிவித்த ஒன்றை, தரத்துக்கு உட்படாமல் விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே பிரிவு வழிசெய்கிறது.

பழமையான வண்டிகளைப் பாதுகாப்போருக்கும் ஒரு வரம்பு உள்ளது. 2021-இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்யலாம். ஆனால் அதன் சேசிஸ், உடல்கூடு அல்லது என்ஜினில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக்கூடாது.

ஆக, பொறியியல் பிரிக்கும் கோடும் சட்டம் பிரிக்கும் கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. அசலை அசலாக மீட்டெடுப்பது பழுதுபார்ப்பு. அசலிலிருந்து விலகுவது மாற்றம். வெறும் பழுதுபார்ப்பா என்ற ஐயம் எழுந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது நல்லது. தெரிவிக்கப்படாத மாற்றம், விபத்துக்குப் பின் காப்பீட்டு இழப்பீடு கோரும்போதும் சிக்கலை உண்டாக்கலாம்.

உரிமையாளர் கேட்க வேண்டியவை

ஷாக்கிள் தகடு, தாங்கி போன்றவற்றை அசல் அளவில், தெரிந்த தரமுள்ள எஃகில், அனுபவமுள்ள பட்டறை செய்து தரலாம். கமான் பட்டை, யூ போல்ட், புஷ் ஆகியவற்றைத் தயாராகவே வாங்க வேண்டும். டை ராட், டிராக் லிங்க், பால் ஜாயின்ட், கிங் பின் போன்ற ஸ்டீயரிங் பாகங்களைப் பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டுவதை எக்காரணத்தாலும் ஏற்கக்கூடாது.

வேலை கொடுக்கும் முன் உரிமையாளர் சில கேள்விகளைக் கேட்கலாம். எந்த எஃகு, அதன் தரச் சான்று உள்ளதா? அளவு எதிலிருந்து எடுக்கப்பட்டது? வெல்டிங்குக்குப் பின் சாயச் சோதனை செய்யப்படுமா? யூ போல்ட் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கப்படுமா? வேலை முடிந்ததும் சக்கரச் சீரமைப்பு பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, வெல்டிங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

8 ஆண்டைக் கடந்த போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அந்தச் சோதனை நாளில் வெல்டிங் நன்றாகத் தெரிந்தாலும், அடுத்த சோதனைக்கு முன் வரும் 364 நாளும் அதன் சுமை முன்சக்கரங்களுக்கு மேல்தான் இருக்கிறது. அந்த நாள்களில் அதைக் கண்காணிக்கும் பொறுப்பு வண்டியை ஓட்டுபவருக்கே உரியது.