செயலியில் அழைத்த வண்டி மோதினால் யார் பொறுப்பு?

கிண்டி மெட்ரோ நிலைய வாசலில் மாலை ஆறு மணிக்கு நின்றால், கூடுதல் ஹெல்மெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயணியைத் தேடும் பைக் டாக்ஸி இளைஞர்களைப் பார்க்கலாம். கைபேசியில் வந்த ஓடிபியைச் சொன்னதும் வண்டி கிளம்பிவிடும். ஏறுகிறவர் கட்டணத்தைப் பார்ப்பார், ஓட்டுநருக்குக் கிடைத்திருக்கும் நட்சத்திரங்களைப் பார்ப்பார். நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பார்க்கிறவர் குறைவு.

வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் பிளேட் வாடகைக்கு. மின்வண்டி என்றால் பிளேட் பச்சையாக இருக்கும். அதில் எழுத்து வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் வாடகை வண்டி. இந்த வேறுபாடு போக்குவரத்துத் துறையின் வரி விவகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விபத்தில் கால் எலும்பு முறிந்து படுத்த பிறகுதான், மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தையும் யார் தருவார்கள் என்ற கேள்வி நேராக அந்த பிளேட்டில் போய் நிற்பது தெரியவருகிறது.

சாலை விபத்தில் பொறுப்பு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கவனக்குறைவாக ஓட்டியவர் முதல் பொறுப்பாளி. அவருக்காக வண்டியின் உரிமையாளரும் பொறுப்பேற்க வேண்டும். உரிமையாளர் தர வேண்டிய தொகையை, அவர் எடுத்திருக்கும் பாலிசியின்படி இன்ஷூரன்ஸ் நிறுவனம் தருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக் கூடாது என்கிறது. இழப்பீடு கேட்க வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் எம்.சி.ஓ.பி. கேஸ் என்று சொல்வது இந்த வழக்கைத்தான். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே இந்தத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது.

இந்த வரிசையில் ஓட்டுநர், உரிமையாளர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் மூவரும் இருக்கிறார்கள். வண்டியை அனுப்பி, கட்டணத்தை நிர்ணயித்து, அதில் தன் பங்கை எடுத்துக்கொண்ட செயலி நிறுவனம் மட்டும் இல்லை.

மஞ்சள் பிளேட் காரில் போகிறவருக்கு நிலைமை ஓரளவு நல்லது. வாடகைக்கென்றே எடுத்த பாலிசியில், பணம் கொடுத்துப் பயணிப்பவருக்கும் சேர்த்தே பிரீமியம் கட்டியிருப்பார்கள். கார் ஒரு லாரியில் மோதி, இரண்டு ஓட்டுநர்களும் பழியை மாற்றி மாற்றிப் போட்டாலும் பயணி கலங்க வேண்டியதில்லை. பின்சீட்டில் இருந்தவர் மீது தவறு எதுவும் இல்லாதபோது, இரு தரப்பில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் அவர் வாங்கிக்கொள்ளலாம் என்று 2015இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தங்களுக்குள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். அடிபட்டவர்களுக்குப் பெரிய ஆறுதல் தந்த தீர்ப்பு இது.

வெள்ளை பிளேட் பைக்கில்தான் சிக்கல். அங்கே இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, பாலிசியின் வகை. பைக் வைத்திருக்கும் பலர், சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சாலையில் நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால் அது உதவும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் நிலைமை வேறு. அந்த அடிப்படைப் பாலிசி, பைக்கில் இலவசமாக ஏறியவரைக் காப்பதில்லை என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேக்கேஜ் பாலிசி, அதாவது காம்ப்ரிஹென்சிவ் என்று சொல்லப்படுவது, பின்னால் இருப்பவரையும் காருக்குள் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டு இதைத் தெளிவாக்கியது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன பாலகிருஷ்ணன் வழக்கில், இரு வகைப் பாலிசிகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது.

இரண்டாவது தடை இன்னும் கடினமானது. பின்னால் இருப்பவர் நண்பர் இல்லை, கட்டணம் கொடுத்து வருகிறவர். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அது மீறப்பட்டது என்று சொல்லி விலகிக்கொள்ள இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு வழி கிடைக்கிறது. பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தாலும் இந்த வாதம் வரும்.

விலகிக்கொள்வது எப்போதுமே முழுமையாக நடந்துவிடுவதில்லை. 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெர்மிட் இல்லாத லாரி மோதி பைக்கில் வந்தவர் இறந்துபோன வழக்கு அது. பெர்மிட் இல்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படையையே மீறிய செயல் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும், குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைத் தரட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. 'பே அண்ட் ரெகவர்' என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். சாலையில் இருந்த மூன்றாம் நபருக்கு இந்த வழி பெரும்பாலும் திறந்திருக்கிறது. பின்சீட்டுப் பயணிக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. பாலிசியில் அவருக்கான பிரீமியமே இல்லையென்றால், பணம் கேட்க வேண்டியது நேரடியாக உரிமையாளரிடம். தவணையில் பைக் வாங்கி ஓட்டும் இளைஞரிடமிருந்து பல லட்சம் ரூபாயை எப்படி வசூலிப்பது? தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது. ஓட்டியவருக்கும் அது வாழ்க்கையை நசுக்கும் கடன்.

சொந்த வண்டியை வாடகைக்கு விடும்போது காப்பீட்டில் விழும் இந்த ஓட்டை உலகத்தின் கண்ணில் பட்டது சான் பிரான்சிஸ்கோவில். 2013 டிசம்பர் 31 இரவு, தாயுடனும் தம்பியுடனும் சாலையைக் கடந்த ஆறு வயதுச் சிறுமி கார் மோதி இறந்துபோனாள். மற்ற இருவரும் காயமடைந்தனர். காரை ஓட்டியவர் ஊபர் செயலியைத் திறந்து வைத்து அடுத்த சவாரிக்காகக் காத்திருந்தவர். வண்டியில் பயணி யாரும் இல்லாததால் தங்கள் சேவையின்போது நடந்த விபத்து இது இல்லை என்றது நிறுவனம். பயணி இருந்திருந்தால் பத்து லட்சம் டாலர் காப்பீடு பொருந்தியிருக்கும். சொந்தக் காருக்கான பாலிசிகளோ வாடகை ஓட்டத்தை ஏற்பதில்லை. செயலி திறந்திருந்த அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு ஒருவரும் பொறுப்பேற்காத நிலை.

கலிஃபோர்னியா சட்டமன்றம் 2014இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. செயலி மூடியிருக்கும்போது ஓட்டுநரின் சொந்தப் பாலிசி. செயலி திறந்து காத்திருக்கும்போது, ஒருவரின் காயத்துக்கு 50,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 1,00,000 டாலர், சொத்துச் சேதத்துக்கு 30,000 டாலர் என்று குறைந்தபட்சக் காப்பீடு. சவாரியை ஏற்ற நொடியிலிருந்து பயணியை இறக்கிவிடும்வரை பத்து லட்சம் டாலர். சிறுமியின் குடும்பம் 2015இல் ஊபருடன் சமரசத் தீர்வுக்கு வந்தது. விபத்து நடந்த கணத்தில் செயலி எந்த நிலையில் இருந்தது என்பதைக் கேட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பொறுப்பாளியைச் சட்டம் நிறுத்திவிட்டது. இந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

இந்தியாவில் வேலை பாதி நடந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், செயலி நிறுவனங்களை 'அக்ரிகேட்டர்' என்று சட்டத்துக்குள் கொண்டுவந்து உரிமம் கட்டாயம் என்றது. 2020 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2025 ஜூலை 1 அன்று அவற்றைப் புதுப்பித்தது. பயணிக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு, ஓட்டுநருக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு ஆகியவை புதிய நெறிமுறைகளில் இருக்கின்றன. வெள்ளை பிளேட் பைக்குகளைப் பயணிகளுக்காக ஓட்ட அனுமதிப்பதா என்பதை மாநிலங்களிடம் விட்டிருக்கிறார்கள். மாநிலம் ஏற்று விதி வகுத்தால்தான் இவற்றுக்குப் பல் முளைக்கும். அனுமதி கொடுக்கும் மாநிலம் எதுவானாலும், அந்த வண்டிகளின் பாலிசியில் வாடகைப் பயணியையும் சேர்க்க வைத்துவிட்டு அனுமதிப்பதே நியாயம். எந்த வண்டி எந்த நிமிடம் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்பதை நொடிக்கு நொடி அறிந்த நிறுவனத்துக்கு, அந்த வண்டியின் பாலிசியைச் சரிபார்ப்பது கடினமான வேலை இல்லை.

நிறுவனங்களின் பதில் அவர்களுடைய நிபந்தனைகளிலேயே இருக்கிறது: தாங்கள் பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் தொழில்நுட்பத் தளம் மட்டுமே, போக்குவரத்துச் சேவை தருகிறவர்கள் இல்லை. படிக்காமலே நாம் தட்டிவிடும் 'சம்மதம்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உதாரணம் உண்டு. 2022இல் ஊபர் காரில் போய்ப் படுகாயமடைந்த ஒரு தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். உணவு வரவழைப்பதற்காகத் தாயின் கைபேசியில் மகள் ஊபர் ஈட்ஸின் நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுத்திருந்ததைக் காட்டி, வழக்கு நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிறுவனம் வாதாடியது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இங்கே இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சட்டத்தால் அமைந்தது. ஓட்டுநர், உரிமையாளர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஆகியோர் மீதான உரிமைக்குச் செயலியின் நிபந்தனைகள் குறுக்கே வருவதில்லை.

ஓட்டுநரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். தன் தவறால் விழுந்தால் தேர்ட் பார்ட்டி பாலிசி அவருக்கு ஒன்றும் தராது. சொந்த வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. வெள்ளை பிளேட்டில் வாடகைக்கு ஓட்டினால் அதையும் மறுக்க இடமிருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால் பணத்துக்கு முன்னால் உயிர். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். யார் தவறு என்று நிரூபிக்க முடியாத நிலையிலும், சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி இறந்தவரின் குடும்பம் 5 லட்சமும், கொடுங்காயம் அடைந்தவர் இரண்டரை லட்சமும் கேட்கலாம்.

அதோடு சில ஆதாரங்களைக் கையோடு பத்திரப்படுத்த வேண்டும். செயலியில் அந்தப் பயணத்தின் விவரத்தை, அதாவது வண்டி எண், ஓட்டுநர் பெயர், ஏறிய நேரம், கட்டணம் எல்லாம் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது முதல் வேலை. காவல் நிலையப் புகாரில், செயலி வழியாக அழைத்த வண்டி என்பதை எழுத வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிகளின்படி போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாலிசி எந்த வகை என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வக்காலத்துத் தாளுடன் வருகிறவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அதே நேரம், இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து வந்தவர் கிண்டியில் அடிபட்டால், வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. தான் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது.