தண்டு சுழலும், நீர் நுழையாது

வீட்டுக் கொட்டகையிலேயே நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த கே-250 இத்தகைய ஆர்வலர்களிடையே பெயர் பெற்றது. ஒருவர் மட்டும் உட்காரலாம். 250 அடி, அதாவது சுமார் 76 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம்.

அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கடல் ஏறக்குறைய 7.8 கிலோ விசையோடு அழுத்தும். ஆள் ஏறி இறங்கும் வாயின் மூடிக்கு இது துணைதான்: 60 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் 22 டன் பாரம் ஏறி, அதை வாயின் விளிம்போடு இறுக்கிவிடும். தொல்லை தருவது அசையும் பாகங்கள். சுக்கானைத் திருப்பும் தண்டும் விசிறியைச் சுழற்றும் தண்டும் நீர்மூழ்கியின் கூட்டைத் துளைத்து வெளியே போயாக வேண்டும். 25 மி.மீ. தண்டு ஒன்றை மட்டுமே 38 கிலோ விசை உள்ளே தள்ளும்.

கப்பல்களில் இதற்கு கிளாண்ட் பேக்கிங் உண்டு. கொழுப்பு ஊறிய நார்க்கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து, நட்டால் இறுக்குவார்கள். தண்டு சூடாகாமலிருக்க அது கொஞ்சம் சொட்டவும் வேண்டும். ஆள் அமரவே இடம் போதாத சிறு கூட்டில் அந்தச் சொட்டை அனுமதிக்க முடியாது. இங்கேதான் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் வருகிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சனுக்கு 1939இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஓ-ரிங்கின் அழகு அது அமரும் பள்ளமான காடியில் இருக்கிறது. காடி வளையத்தைவிட அகலமானது. ஒரு பக்கம் நுழையும் நீர் வளையத்தை எதிர்ச்சுவரில் ஒட்டத் தள்ளும். ரப்பர் கன அளவில் சுருங்காது என்பதால், வாங்கிய அழுத்தத்தை எல்லாத் திசைகளிலும் திருப்பிக் கொடுக்கும். நாம் வைத்த சிறு நெரிப்போடு நீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆழம் கூடக்கூட அடைப்பும் இறுகும். பட்டறையில் தேவைப்படுவது முரட்டு இறுக்கமல்ல, நுணுக்கமான கடைசல்.

கூட்டில் துளையிட்டால் அந்த இடம் பலவீனப்படும்; அதனால் துளையைச் சுற்றிக் கனமான எஃகு வளையம் ஒன்றை வெல்டிங் செய்வார்கள். வெல்டிங் சூட்டில் வளையம் கோணும். ஆகவே போரிங் வேலையைப் பிறகே முடிக்க வேண்டும். காடிகளைத் தனி வெண்கலப் புஷ்ஷில் வெட்டி அதற்குள் பொருத்துவது இன்னும் நல்லது. தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். சாதாரணப் பித்தளை வேண்டாம், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும்.

தண்டின் மேற்பரப்பு 0.4 மைக்ரான் அளவுக்கு வழவழப்பாக இருப்பது நல்லது. லேத்தில் சுழலும் தண்டின் மேல் எமரித் தாளை நெடுக நகர்த்தித் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத மறைச்சுருள் கோடுகள் விழும். தண்டு சுழலும்போது அவையே பம்புபோல நீரை உள்ளே இழுக்கும். கடைசி மெருகைத் தாளை நகர்த்தாமல் ஓரிடத்தில் பிடித்தே கொடுக்க வேண்டும். தண்டின் முனையைச் சரிவாகச் சீவவும் வேண்டும். இல்லையென்றால் மாட்டும்போதே வளையம் கிழிபடும்.

அடுத்தது ரப்பரின் விசித்திர குணம். இழுத்துப் பிடித்த ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கும். 1805இல் ஜான் காஃப் கண்டதை, பின்னர் இயற்பியலாளர் ஜூல் அளந்து உறுதிசெய்தார். தண்டின் மேல் இழுத்து மாட்டிய வளையம் உராய்வில் சூடாகும், சுருங்கித் தண்டை இறுக்கும், உராய்வு இன்னும் ஏறும், கடைசியில் கருகிப்போகும். ஆகவே சுழலும் தண்டுக்கு, அதைவிடச் சற்றே பெரிய உள்விட்டமுள்ள வளையத்தை எடுத்து, காடிக்குள் நெருக்கிப் பொருத்துவார்கள். சுக்கான் தண்டுபோல மெதுவாகத் திரும்புவதற்கு இது தாராளம். வேகமாகச் சுற்றும் விசிறித் தண்டுக்கு ஒன்றோடொன்று உரசும் கார்பன், பீங்கான் முகங்களைக் கொண்ட மெக்கானிக்கல் சீல் மேலானது. சிலர் மோட்டாரையே எண்ணெய் நிரப்பிய உறையில் வெளியே வைத்து, கூட்டைத் துளைத்துச் செல்லும் தண்டே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். கேபிளுக்கான துளை மட்டும் போதும், அது அசையாது. முதல்முறை கட்டுகிறவருக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பொருத்திய பாகத்தைச் சோதனைக் கலத்தில் மாட்டி, தண்டைச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். குறைந்த அழுத்தத்திலும் பார்ப்பது அவசியம். 70 மீட்டரில் சொட்டாத சீல் 2 மீட்டரில் சொட்டலாம், வளையத்தைச் சுவரோடு ஒட்டத் தள்ளும் பலம் அங்கே நீருக்கு இல்லை. கலத்தில் நிரப்புவது நீராகவே இருக்கட்டும். அழுத்திய காற்றில் சேரும் ஆற்றல் மிக அதிகம். ஒரு போல்ட் விட்டாலும் அது குண்டாகப் பாயும்.