நண்பனைக் காணக் கடற்கரைக்கு

ஒரு நாள் விடுமுறையில், ஐம்பது மைலுக்கு அப்பால் வாழும் நண்பனைக் கண்டு அளவளாவிவிட்டு, அன்றிரவே வீடு திரும்ப இயலுமா? இன்று இக்கேள்விக்கு விடை கூற நாம் சிறிதும் தயங்குவதில்லை. ஆனால் எளிய மக்களும் 'இயலும்' என்று சொல்லும் நிலையை உண்டாக்கியது இருப்புப்பாதையே. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குச் செல்லும் ரயில் பாதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

லண்டனிலிருந்து பிரைட்டன் ஏறத்தாழ 50 மைல் தொலைவு. கடல் நீர் பிணி தீர்க்கும் என்று 1750-இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர் எழுதிய நூலும், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராகிய இளவரசர் அங்கே எழுப்பிய மாளிகையும் செல்வர்களை அவ்வூருக்கு ஈர்த்தன. செல்வர்களை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில், குதிரை வண்டியில் சென்றால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், கட்டணமோ மிகுதி. நாட்கூலி பெறுவோனுக்கு அப்பயணம் எட்டாக்கனி.

1841-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் லண்டனையும் பிரைட்டனையும் முழுமையாக இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதை அமைப்பது எளிதாக இருக்கவில்லை. வழியில் சுண்ணாம்புக் குன்றுகள் குறுக்கிட்டன, பள்ளத்தாக்குகளும் இருந்தன. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின்மீது செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ஆகவே, 264 அடிக்கு ஓரடிக்கு மேல் பாதை உயரலாகாது என்று பொறியாளர் ராஸ்ட்ரிக் திட்டமிட்டார். குன்றுகள் குடையப்பட்டன. ஊஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் 37 வளைவுகளுடன் 96 அடி உயரப் பாலம் ஒன்று எழுந்தது. அதற்குத் தேவைப்பட்ட செங்கற்கள் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம்! இன்றும் ரயில் வண்டிகள் அதன்மீதே ஓடுகின்றன.

பாதை அமைந்தால் மட்டும் போதுமா? கட்டணமும் குறைய வேண்டுமன்றோ? 1844-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், கூரையுள்ள பெட்டிகளோடு, நாள்தோறும் ஒரு வண்டியேனும் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். மேலும் விடுமுறை நாட்களில் மலிவுக் கட்டண உல்லாச வண்டிகளும் ஓடின. கடலையே கண்டிராத குடும்பங்கள் கடலைக் கண்டன.

ஆனால் கூட்டம் பெருகியபோது ஆபத்தும் பெருகியது. 1861 ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை. லண்டனை நோக்கி மூன்று வண்டிகள் ஏழே நிமிடத்திற்குள் பிரைட்டனிலிருந்து புறப்பட்டன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடமாவது கழிய வேண்டும் என்ற விதி மீறப்பட்டது. ஒன்றேகால் மைல் நீளமுள்ள கிளேட்டன் சுரங்கத்தின் வாயிலில் தானியங்கிக் கைகாட்டி பழுதாயிற்று. காவலர் சிவப்புக் கொடியை அசைத்தார். அதைக் கண்ட இரண்டாம் வண்டி உள்ளே நின்று பின்னோக்கி வரத் தொடங்கியது. அஃதறியாத அவர், "சுரங்கம் காலியா?" என்று மறுமுனைக்குத் தந்தி மூலம் வினவினார். முதல் வண்டி வெளியேறியதைக் கண்ட மறுமுனைக் காவலர் "காலி" என்றார். மூன்றாம் வண்டிக்கு வழி விடப்பட்டது. இருளில் வண்டிகள் மோதின. 23 பேர் மாண்டனர். சிவப்புக் கொடியை அசைத்த காவலர், வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு கிடைக்கும்பொருட்டு, அன்று 24 மணி நேரத் தொடர்பணியில் இருந்தவர்.

இவ்விபத்து உணர்த்திய உண்மை யாது? வண்டிகளுக்கு இடையே காலத்தை அளப்பது போதாது; இடத்தை அளக்க வேண்டும். முன்சென்ற வண்டி வழியில் நின்றுவிட்டால், ஐந்து நிமிடமும் பயன்படாது. ஆகவே பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரே வண்டி, அது வெளியேறிய பின்னரே அடுத்தது என்னும் முறை பரவியது. ஆயினும் 1889-இல் அயர்லாந்தின் அர்மா நகருக்கருகே மற்றொரு கொடிய விபத்து நேர்ந்த பிறகே, பயணிகள் செல்லும் பாதைகளில் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அறிவு முன்னரே இருந்தது; அதை எங்கும் நடைமுறையாக்க 28 ஆண்டுகள் பிடித்தன.

1933 முதல் இப்பாதையில் மின்சார வண்டிகள் ஓடுகின்றன. இன்று லண்டன் விக்டோரியா நிலையத்தில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடும். நிலையத்திலிருந்து நேரே இறங்கும் சாலையில் நடந்தால், கூழாங்கற்கள் நிறைந்த கடற்கரையை அடையலாம். கிளேட்டன் சுரங்கத்தை அவ்வண்டி சிறிது நேரத்தில் கடந்துவிடும். பயணிகளில் பலர் புத்தகத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. அவர்கள் அவ்வாறு அச்சமின்றி அமர்ந்திருப்பதற்குக் காரணம், முன்னே செல்லும் வண்டி வெளியேறும் வரை தம் வண்டிக்கு வழி கிடைக்காது என்ற உறுதியேயாகும்.