திரும்ப மறுக்கும் சுக்கான்

2018 ஏப்ரல் மாதம். இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற 55 அடி பாய்மரப் படகில் உலகைச் சுற்றி முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா எல்லாம் தாண்டியாயிற்று. கோவாவுக்குத் திரும்புவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் படகைத் திசைதிருப்பும் அமைப்பு பழுதானது. திட்டத்திலேயே இல்லாத மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒதுங்கிச் சரிசெய்த பிறகே மே 21ஆம் தேதி அவர்கள் வீடு சேர்ந்தார்கள். கேப் ஹார்ன் முனையின் பேரலைகளைத் தாண்டி வந்த படகுக்கே இந்த நிலை!

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, பாய்மரப் படகைக் கண்டால் என் நினைப்பு பாயை விட்டுத் தண்ணீருக்கடியில் இருக்கும் சுக்கானுக்குப் போய்விடுகிறது. படகு பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் போதும். அரச சிலாங்கூர் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது. 1990இல் தொடங்கிய ராஜா மூடா பாய்மரப் போட்டி இங்கிருந்துதான் லங்காவியை நோக்கிப் புறப்படுகிறது.

ஓடுகிற படகுக்குத் தொல்லை குறைவு. மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகில்தான் சுக்கான் தண்டு இறுகிப்போகும். நம் கடலின் வெதுவெதுப்பில் சிப்பிப்பூச்சிகள் வேகமாக வளர்ந்து, சுக்கானுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டு அலுமினியக் குழாய்க்குள் இருந்தால், உப்புநீர் பட்டு அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள் உப்பித் தண்டைக் கவ்விக்கொள்ளும். நைலான் பேரிங் என்றால் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும்.

சக்கரம் திரும்பவில்லை என்றதும் பலம் காட்டுவதுதான் பலரின் வழக்கம். நீண்ட இரும்புக் குழாயை மாட்டி நெம்புவார்கள். ஃபைபர் சுக்கானுக்குள் தண்டோடு பற்றவைத்த இரும்புப் பட்டைகள் இருக்கும். நெம்பினால் அந்தப் பற்றவைப்பு விட்டுப்போகலாம். பிறகு தண்டு சுலபமாகத் திரும்பும், சுக்கான் மட்டும் திரும்பாது. சரியாகிவிட்டது என்று நம்பிக் கடலுக்குள் போனால் கதி என்ன?

முதலில் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடியில் கயிறோ வலையோ சிப்பியோ இருந்தால் எடுத்துச் சுரண்டிவிட வேண்டும். பிறகு சக்கரத்தின் கேபிளையும் தானியங்கிக் கருவியின் கையையும் தண்டிலிருந்து கழற்ற வேண்டும். இப்போது சுக்கான் அசைந்தால் கோளாறு கேபிளிலோ கப்பியிலோ அந்தக் கருவியிலோதான். அசையாவிட்டால் தண்டிலேயேதான். ஆபத்துக்கு உதவவென்று படகில் வைத்திருக்கும் கைப்பிடி கேபிள் அறுந்தால் கைகொடுக்கும். தண்டே இறுகிவிட்டால் அதனாலும் பயனில்லை.

அரிப்பால் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் ஒரு விரல்கடை இந்தப் பக்கம், ஒரு விரல்கடை அந்தப் பக்கம் என்று மெல்ல அசைக்க வேண்டும். தீயைக் காட்டவே கூடாது. ஃபைபர் படகு பற்றிக்கொள்ளும். பருத்த நைலானுக்கு எண்ணெய் உதவாது. படகைக் கரையேற்றி, சுக்கானைக் கீழிறக்கி, பேரிங்கின் உட்புறத்தை மயிரிழையளவு தேய்த்தெடுக்க வேண்டும். தண்டு முழுதாக வெளியே வர, படகை உயரத் தூக்கவோ அடியில் பள்ளம் தோண்டவோ வேண்டியிருக்கும். செலவும் நாளும் பிடிக்கும்தான். நடுக்கடலில் தவிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தாரிணி அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2024 அக்டோபர் 2ஆம் தேதி, அதே படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இருவராகவே உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2025 மே 29ஆம் தேதி கோவா திரும்பினார்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கிள்ளானில் படகு வைத்திருக்கிறாரா? கடலுக்குப் போகாத வாரத்திலும் ஒருமுறை சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.