வலிமை வேறு, திறன் வேறு

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா எறிந்த ஈட்டி 87.58 மீட்டர் தொலைவு பாய்ந்து தங்கம் வென்றது. அந்த ஈட்டியின் எடை ஏறத்தாழ 800 கிராம். இத்துணை இலேசான பொருளை எறிபவருக்குப் பளு தூக்கும் பயிற்சி எதற்கு?

பள்ளி இயற்பியலிலேயே விடை உண்டு. தசை செலுத்தவல்ல விசையே வலிமை. அவ்விசையை எத்துணை விரைவாகச் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது திறன். ஓடிவரும் வீரர் முன்காலை உறுதியாக ஊன்ற, உடலின் வேகம் இடுப்பு, தோள், கை வழியே ஈட்டியைச் சென்றடைகிறது. கால் தளர்ந்தால் வேகம் சிதறும். இவையனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆகவே பளுவுடன் அமர்ந்தெழுந்து வலிமை சேர்க்கிறார்கள். தாவுதல், கனமான பந்தை எறிதல் ஆகியவற்றால் அதை விரைவாக வெளிப்படுத்தப் பழகுகிறார்கள்.

வங்கி மொழியில் சொன்னால், வலிமை வைப்புத்தொகை. திறன் வேண்டிய நொடியில் கைக்கு வரும் ரொக்கம்.

இருக்கையிலேயே பணிநாளைக் கழிக்கும் என் போன்றோருக்கும் இதில் பாடமுண்டு. வயது ஏறுகையில் வலிமையைவிடத் திறன் விரைந்து குறைகிறது. படியில் கால் இடறும்போது, மறுகாலைச் சட்டென ஊன்றச் செய்து நம்மைக் காப்பது அதுவே. மருத்துவரின் ஆலோசனை பெற்று, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் விரைந்தெழுந்து மெல்ல அமரப் பழகுவோம். நாள்தோறும் செலுத்தும் இச்சிறு தவணை முதுமையில் கைகொடுக்கும்.