பால் கக்கும் சிசு புட்டியை மறுப்பதேன்?

பிறந்து மூன்று மாதங்களே ஆன சிசு, பால் புட்டி அருகில் வந்தவுடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முதுகை வில்லாக வளைத்து அழுகிறது. இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டு ரப்பர் காம்பை நாவினால் வெளியே தள்ளுகிறது. உட்கொண்ட சிறிதளவு பாலும் சற்று நேரத்தில் கடைவாய் வழியே வழிந்துவிடுகிறது. வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியரிடமும் அங்கன்வாடி ஆசிரியையிடமும் தாய்மார் அடிக்கடி கூறும் குறை இது. தாய்ப்பால் அருந்தி வளர்ந்த குழந்தையாயின், தாய் வேலைக்குத் திரும்பும் தறுவாயில்தான் இத்தொல்லை பெரும்பாலும் தலைதூக்குகிறது. அமைப்புசார்ந்த தொழில்களில் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேற்று விடுப்பு 2017 ஆம் ஆண்டில் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. வயலிலும் செங்கற்சூளையிலும் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அவ்வசதி ஏது? ஒன்றிரண்டு மாதங்களிலேயே அவள் குழந்தையைப் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ ஒப்படைத்துவிட்டுச் செல்கிறாள். அக்குழந்தை புட்டியைத் தொட மறுத்தால் அவளுடைய அன்றைய கூலியும் குழந்தையின் உடல்நலமும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகின்றன.

இவ்விஷயம் பற்றிய ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அவ்வறிக்கைகள் நீண்ட விளக்கங்களால் வேறுபடுத்திக் காட்டுவனவற்றை நம் தாய்மார் தனித்தனிச் சொற்களால் எளிதில் பிரித்துவிடுகின்றனர். பால் தொண்டை வரை மேலேறி இறங்கினால் அது எதுக்களித்தல். முயற்சி ஏதுமின்றி வாய்வழியே வழிந்தால் கக்குதல். வயிற்றுத் தசைகள் இறுகி வேகத்தோடு வெளியேறினால் வாந்தி. முதலிரண்டும் பெரும்பாலும் நோயல்ல. மூன்றாவது நோயாக இருக்கக்கூடும். ஆகவே ஊழியர் புதிய கலைச்சொல் ஒன்றைத் தாய்க்குக் கற்பிப்பதைவிட, அவள் எச்சொல்லைப் பயன்படுத்துகிறாள் என்று கூர்ந்து கேட்டறிவதே நலம்.

உணவுக்குழலும் இரைப்பையும் கூடுமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. விழுங்கும்போது நெகிழ்ந்து வழிவிட்டுப் பின்னர் இறுகுவது இதன் தொழில். இடையிடையே, விழுங்காத வேளையிலும் இது சில விநாடிகள் நெகிழ்வதுண்டு. பெரியவர்களுக்கும் இது நிகழ்கிறது. ஆனால் சிசுவின் உணவு முழுவதும் திரவம். உணவுக்குழலோ குறுகிய நீளமுடையது. நாளின் பெரும்பகுதியைச் சிசு படுத்தே கழிக்கிறது. எனவே தசை நெகிழ்ந்தவுடன் பால் எளிதில் மேலேறிவிடுகிறது. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு முறையேனும் பால் கக்குகின்றன. நான்காம் மாதத்தையொட்டி இது உச்ச நிலையை அடைந்து, 12 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பாலோரிடம் தானாகவே நின்றுவிடுகிறது. 2018 இல் தொடங்கப்பட்ட இளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், ஆஷா ஊழியர் வீட்டிற்குச் செல்லும் முதல் தவணை மூன்றாம் மாதமாகும். பால் கக்குதல் மிகும் காலமும் அதுவே என்பதை நினைவிற்கொள்க.

கக்குதல் இயல்பானதாயின், மறுப்பு எங்கிருந்து வருகிறது? மேலேறும் பாலுடன் இரைப்பை அமிலமும் சேர்ந்து சில குழந்தைகளுக்கு எரிச்சலை உண்டாக்கக்கூடும். ஆயினும் மறுப்பை வளர்ப்பது பெரும்பாலும் எரிச்சலன்று, வற்புறுத்தலே. குழந்தை கக்கிவிட்டது, வயிறு காலியாகியிருக்கும், இன்னும் ஒரு மடக்காவது குடிக்கட்டும் என்று வீட்டார் கருதுகின்றனர். தலையைப் பிடித்துக்கொண்டு காம்பை வாயில் திணிக்கின்றனர். அழும் வாயில் ஊற்றப்படும் பால் புரையேறுகிறது. புட்டி என்றால் மூச்சுத் திணறல் என்ற பாடத்தைச் சிசு சில நாட்களில் கற்றுக்கொள்கிறது. பின்னர் எதுக்களிப்பு தணிந்துவிட்டாலும் மறுப்பு மட்டும் தொடர்கிறது. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விழித்திருக்கையில் புட்டியைக் கண்டு அலறும் குழந்தை, அரைத் தூக்கத்தில் அதே புட்டியில் தயக்கமின்றிக் குடிக்குமாயின், உறிஞ்சும் திறனிலும் விழுங்கும் திறனிலும் குறை இருப்பது அரிது. அச்சமே காரணம் எனக் கொள்ளலாம்.

அச்சம் என்று முடிவு செய்யுமுன் வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். வாயினுள் துடைத்தாலும் அகலாத வெண்திட்டுகள் உள்ளனவா? மூக்கு அடைத்திருக்கிறதா? சிசு பெரும்பாலும் மூக்காலேயே சுவாசிப்பதால், மூக்கடைப்புடன் பால் அருந்த அதனால் இயலாது. காதில் சீழ் உண்டா? புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஓடினால் துளை பெரிது. கறந்து வைத்த தாய்ப்பாலாயின் முகர்ந்து பார்க்கலாம். சில தாய்மாரின் பாலில் கொழுப்பைச் சிதைக்கும் நொதியின் செயலால், சேமித்து வைத்த பின் சோப்பு நெடி தோன்றுவதுண்டு. அப்பால் கெட்டதன்று, ஆனால் குழந்தை அதை ஒதுக்கி, அப்போதே கறந்த பாலை விரும்பிக் குடிக்கக்கூடும்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. முதல் சில மாதங்களில் புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் பால் போதுமானது. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 750 மில்லிலிட்டர். எட்டு வேளையாகப் பகிர்ந்தால் வேளைக்குத் தொண்ணூற்றைந்துக்கும் குறைவு. புட்டியில் 200 அல்லது 250 வரை கோடுகள் இருப்பதாலேயே அதை நிரப்பி, நிரப்பியதைக் குடித்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வீடுகள் பல. நிறைந்த இரைப்பையிலிருந்து பால் மேலேறுவதில் வியப்பென்ன? பால் கக்குவதைக் கண்டு பாலில் நீரைக் கூட்டுவது அதனினும் கேடு; வயிறு நிரம்பும், உடல் வளராது.

ஊட்டும் முறை வருமாறு. பசி முற்றி அழத் தொடங்குமுன், குழந்தை கையைச் சுவைக்கும் நிலையிலேயே பாலைக் கொடுக்க வேண்டும். மடியில் சற்று நிமிர்த்தி அமர்த்தி, காம்பால் உதட்டைத் தொட்டு, அது தானாக வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். புட்டியை ஏறக்குறையக் கிடையாகப் பிடித்தால் பாலின் வேகம் குழந்தையின் வசத்தில் இருக்கும். இடையிடையே நிறுத்தி ஏப்பம் விடச் செய்யலாம். முகத்தைத் திருப்பினால் அவ்வேளை முடிந்தது என்றே கொள்ள வேண்டும், தொடர்வது கூடாது. முதல் சில நாட்கள் உட்கொள்ளும் அளவு குறையலாம். ஊழியர் எடையையும் சிறுநீரையும் கவனித்துவந்தால் இக்காலத்தைக் கடக்கலாம். பால் அருந்தியபின் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருத்தல் நன்று. இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிய துணியைத் தளர்த்தவும் வேண்டும். தாய்ப்பாலுக்குப் பழகிய குழந்தை தாயின் மணத்தை உணரும்போது புட்டியை ஏற்பதில்லை. தாய் சற்று அப்பால் சென்றிருக்க, வேறொருவர் ஊட்டினால் சில வேளை இணங்கும்.

இவ்வளவு செய்தும் இணங்காவிடில் என்ன செய்வது? புட்டியையே விட்டுவிடலாம். மேனாட்டு நூல்கள் புட்டியை ஏற்கச் செய்யும் வழிகளையே பக்கம் பக்கமாக ஆராய்கின்றன; நமக்கோ வேறு வழி கைவசம் இருக்கிறது. வடக்கே கிண்ணமும் கரண்டியும், தெற்கே மூக்குள்ள பாலாடையும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. பாலாடை என்ற சொல் இந்தியச் சிசு மருத்துவ நூல்களில் ஆங்கிலத்திலும் அப்படியே வழங்குகிறது. குழந்தையை நிமிர்த்தி வைத்து, கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் தொடச் செய்து, பால் உதட்டை எட்டுமளவு சாய்த்தால் போதும். குழந்தை நாவால் நக்கிக் குடிக்கும். பாலாடையாயின் கடைவாயில் சில துளிகளை விட்டு, விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த துளிகளை விட வேண்டும். காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கால் புகட்டும் பழைய வழக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது, அது புரையேற்றும். சிந்தும் பாலையும் கணக்கில் கொண்டு, ஒரு வேளை அளவை விடுத்து நாள் முழுவதற்குமான அளவைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தைக் கழுவிக் கொதிநீரில் இடுவது எளிது; புட்டியின் கழுத்திலும் காம்பின் மடிப்பிலும் தங்கும் பாலோ வயிற்றுப்போக்கிற்கு வித்திடுவது. பால் புட்டிகளுக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளுக்கும் விளம்பரம் செய்வதை 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2003 இல் அது மேலும் இறுக்கப்பட்டது. தாய் ஒருத்தி புட்டியைப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஊழியர் அதைப் பரிந்துரைப்பது முறையன்று.

கறந்த தாய்ப்பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில் நிழலான குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம். கடுங்கோடையில் அதற்கு முன்பே பயன்படுத்திவிடுதல் நலம்.

பாலைக் கெட்டியாக்கக் கஞ்சியைக் கலப்பதை மருத்துவர் சொன்னாலன்றிச் செய்யலாகாது. ஒரு வயது நிறையுமுன் தேன் அறவே கூடாது. கக்குதல் ஒன்றையே காரணமாகக் கொண்டு, நன்றாக வளரும் குழந்தைக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுப்பதை 2018 இல் வெளியான ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் நெறிமுறை ஏற்கவில்லை. கடையில் எளிதில் கிடைக்கும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014 இல் எச்சரித்தது. பசும்பாலின் புரதம் ஒவ்வாமையால் சில குழந்தைகளுக்கு இதே தொல்லைகள் தோன்றுவதுண்டு. அதை இரண்டு முதல் நான்கு வாரங்கள் விலக்கிப் பார்ப்பது மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும்.

கக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று அஞ்சிக் குப்புறக் கிடத்துவோர் உளர். உண்மை நேர்மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. மேலேறி வந்த பால் மூச்சுக்குழலை அடைய எதிரேறிச் செல்ல வேண்டும். குப்புறப் படுக்கையில் இந்நிலை தலைகீழாகிறது. சிசுக்களின் திடீர் மரணமும் குப்புறப் படுக்கையில் மிகுதி என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஆகவே சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே சரி. தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்தவும் வேண்டா.

வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய குழந்தைகளும் உண்டு. பச்சை நிறமான வாந்தி, இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொருளோ கலந்த வாந்தி, வயிற்று உப்பல், காய்ச்சல், நீலம் பாய்தல், சோர்ந்து துவளுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், பாலை எவ்வழியிலும் ஏற்காமை ஆகியவை அவற்றின் அடையாளங்கள். பிறந்த சில வாரங்களில், ஒவ்வொரு முறை பாலருந்தியபின்னும் பால் பீறிட்டுத் தெறிக்குமாயின் இரைப்பையின் வாயில் தடை இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நாளொன்றுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தால் அன்றே காட்டுக. ஆறு மாதங்களுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் எதுக்களிப்பையும் மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் எடை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை கூடுவது வழக்கம். தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலுள்ள கோடு ஏறிக்கொண்டே இருந்தால், துணிகள் எத்தனை நனைந்தாலும் தாய்க்குத் தைரியம் கூறலாம். கோடு படுத்துவிட்டால், குழந்தை சிரித்து விளையாடினாலும் மருத்துவரிடம் அனுப்புக.