வீட்டு முகங்களும் சிக்கனக் காமிராவும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தந்தையாரின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் நல்ல படம் என்றே சொல்வார்கள். உண்மையில் அது, அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் கண்ணிமைகள் மறைந்துபோயின. அவற்றை ஸ்டூடியோக்காரர் தாமே வரைந்து நிரப்பினார். கோட்டும் கழுத்துப்பட்டையும்கூட அவருடைய உபயமே. என் தந்தையார் வாழ்நாளில் கழுத்துப்பட்டை கட்டியவர் அல்லர். ஒரு மனிதர் எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தபின், அவர் முகத்துக்கு எங்களிடம் எஞ்சிய அத்தாட்சி இவ்வளவே.

என் தாயாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெஹாலாவில் எங்களுடன் இருக்கிறார். அவர் விஷயத்தில் அதே தவறு நேரக்கூடாதென்று எண்ணி, கையில் இருந்த செல்பேசியிலேயே ஒரு நாள் அவரைப் படம் எடுத்தேன். படத்தைக் காட்டியபோது, “யாருடா இது? உன் சித்தி மாதிரி இருக்கே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். செல்பேசி தன் கணக்குப்படி அவர் கன்னத்துச் சுருக்கங்களை வழித்துத் துடைத்திருந்தது. மூக்கு இருக்க வேண்டியதைவிடப் பெரிதாகவும், காதுகள் பின்னுக்கு ஓடியும் தெரிந்தன. நரைமயிரின் ஓரங்களைப் பின்னணியோடு சேர்த்து மங்கச் செய்திருந்தது. முகத்தைச் சரியாகப் படம் எடுக்க எத்தகைய காமிராவும் லென்ஸும் வேண்டும், மாதச் சம்பளக்காரர் ஒருவர் அவற்றை எவ்வளவு குறைந்த செலவில் பெறலாம் என்று நான் விசாரிக்கத் தொடங்கியது அன்றுதான். அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல். மொழிபெயர்ப்பு என் தொழில். ‘போர்ட்ரெய்ட்’ என்பதற்கு அகராதி தரும் ‘உருவப்படம்’ என்னும் சொல்லில் எனக்கு என்றுமே நிறைவு இருந்ததில்லை. உருவம் என்றால் தலைமுதல் கால்வரை அடங்கும். நாம் தேடுவது முகம். ஆதலால் ‘முகப்படம்’ என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

முகம் கோணலாகத் தெரிவதற்கு லென்ஸ்தான் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மைக் காரணம் தூரம். ஒருவருடைய மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காமிரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்னும் விதிப்படி, காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலோ, தூரங்கள் 150, 162 சென்டிமீட்டர் ஆகின்றன. வேறுபாடு வெறும் 8 சதவீதமே. நாம் எதிரே உட்கார்ந்து ஒருவரோடு பேசும்போது காணும் முகம் இந்த இரண்டாவது முகமே. செல்பேசியின் முதன்மை லென்ஸ் அகலமான காட்சியைக் காண்பது. ஆதலால் முகம் படத்தை நிரப்ப வேண்டுமானால் கையை நீட்டிக்கொண்டு மிக அருகே போக வேண்டியிருக்கிறது. குற்றம் அங்கே விளைகிறது.

எனவே முதல் யோசனைக்குச் செலவே இல்லை. ஐந்தடி பின்வாங்கி நின்று, செல்பேசியில் இரு மடங்கு பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி, முகத்தை அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இதுவே பலருக்குப் போதும். போதாதென்று தோன்றினால் மட்டும் கடைக்குப் போகலாம்.

கடைக்குப் போகிறவர் முதலில் காமிராவைத் தேர்ந்தெடுத்து, மிச்சமிருக்கும் பணத்தில் லென்ஸ் வாங்குவது வழக்கம். முகப்படத்துக்கு இம்முறை தலைகீழானது என்பது என் கருத்து. இந்நகரிலேயே இதற்கொரு சான்று உண்டு. சத்யஜித் ராயை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் படம் எடுத்து, 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2020-இல் மறைந்த நிமாய் கோஷ், தொடக்கத்தில் நாடக நடிகர். அவருக்குக் கிடைத்த முதல் காமிரா, யாரோ ஒருவர் டாக்ஸியில் விட்டுச் சென்றது; நண்பர் ஒருவர் தமக்கிருந்த கடனுக்கு ஈடாக அதை அவரிடம் கொடுத்தார். கேனானெட் கியூ.எல்.17 என்னும் சிறு காமிரா அது. அதன் லென்ஸைக் கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. 1968-இல் ராம்பூர்ஹாட்டில் ‘கூப்பி காய்னே பாகா பாய்னே’ படப்பிடிப்பு நடந்தபோது அதைக் கொண்டுதான் அவர் ராயை முதன்முதலில் படம் எடுத்தார். மலிவான காமிராதான், ஆயினும் அந்த லென்ஸின் துவாரம் எப் 1.7 அளவுக்குத் திறக்கும். இருக்கின்ற ஒளியிலேயே படம் எடுக்கும் அவருடைய வழக்கத்துக்கு அது பொருத்தமாக அமைந்தது.

இந்த ‘எப்’ எண்ணைச் சற்று விளக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் இது. ஆகவே எண் சிறுத்தால் துவாரம் பெரிது. புதுக் காமிராவுடன் கூடவே தரப்படும் 18–55 மி.மீ. லென்ஸ், முகப்படத்துக்கு ஏற்ற 55 மி.மீ. முனையில் எப் 5.6 வரைதான் திறக்கும். தனியாக விற்கும் 50 மி.மீ. லென்ஸ் எப் 1.8 வரை திறக்கும். ஒளியின் அளவு இவ்வெண்களின் இருமடிப்படி மாறுவதால், இரண்டாவது லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காமிராவைத் திறந்துவைத்து, கை நடுங்கி, படம் கலங்கிப்போன இடத்தில், இப்போது நூறில் ஒரு பங்கு நேரமே போதும். முதியவர்கள் அசையாமல் உட்கார மாட்டார்கள். குழந்தைகளோ கேட்கவே வேண்டாம். இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டை எவ்வளவு விலையுயர்ந்த காமிரா உடலும் எளிதில் ஈடுசெய்யாது. அதே வேளையில், 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் வரிசையிலும் மலிவானவற்றுள் ஒன்று.

இனி, எந்தக் குவியத் தூரம் என்னும் கேள்வி. நூல்கள் முகப்படத்துக்கு 85 மி.மீ. என்றே கூறும். அது 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள பழைய பிலிமையும், அதே அளவில் சென்சார் உள்ள விலை மிகுந்த காமிராக்களையும் மனத்திற்கொண்டு சொன்னது. நாம் வாங்கக்கூடியவற்றில் சென்சார் ஏறக்குறைய 24-க்கு 16 மி.மீ.; அவற்றில் 50 மி.மீ. லென்ஸே பழைய கணக்கில் 75 அல்லது 80 மி.மீ. போல வேலை செய்கிறது.

இதில் வீட்டின் அளவும் கலந்திருக்கிறது என்பதை நூல்கள் சொல்லவில்லை. எங்கள் கூடம் பத்தடிக்குப் பதினோரடி. அதில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் உண்டு. 50 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீட்டரில் நின்றால், காமிராவை நிமிர்த்திப் பிடிக்கையில் 72 சென்டிமீட்டர் உயரம் படத்தில் அடங்கும். தலையும் மார்பும் இதமாகக் கொள்ளும். 85 மி.மீ. லென்ஸில் அதே காட்சியைப் பெற இரண்டரை மீட்டர் பின்வாங்க வேண்டும். அம்மாவுக்குப் பின்னால் சுவர்வரை சிறிது இடைவெளியும் விட வேண்டுமென்றால், நான் பீரோவுக்குள் புகுந்துதான் நிற்க வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு 50 போதும். ஐந்தாறு பேரைச் சேர்த்து எடுக்கும் ஆசையுள்ளவர்கள் பின்னர் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம்.

காமிரா உடலைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். புது வடிவங்கள் பெரும்பாலும் உள்ளே கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ வகைக்கு மாறிவிட்டன. கண்ணைத் தானே கண்டுபிடித்துக் கூர்மைப்படுத்தும் வசதி அவற்றுள் பலவற்றில் உண்டு. பணம் உள்ளவர்கள் அவற்றை வாங்கலாம். இம்மாற்றத்தால் கண்ணாடி உள்ள பழைய எஸ்.எல்.ஆர். வகைகள் இரண்டாம் கையில் மலிந்திருப்பது நமக்கு ஆதாயம். 24 மெகாபிக்ஸல் காமிரா பத்தாண்டு பழையதானாலும் 12-க்கு 18 அங்குலச் சுவர்ப் படத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் எண்ணிக்கைக்கு விலை கொடுப்பது வீண். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களில் லென்ஸை இயக்கும் மோட்டார் கிடையாது. அவற்றுக்கு ‘ஏ.எப்.-எஸ்.’ என்று பொறித்த லென்ஸே வேண்டும். பழைய ‘டி’ வகை 50 மி.மீ. லென்ஸ் விலை குறைவு என்று வாங்கினால், கூர்மையைக் கையால்தான் திருப்பி அமைக்க வேண்டியிருக்கும்.

நான் ஒதுக்கிய தொகை முப்பதாயிரம் ரூபாய். ஒரு சனிக்கிழமை பெஹாலா சௌரஸ்தாவில் பஸ் ஏறி எஸ்பிளனேடு சென்றேன். மெட்ரோ சினிமாக் கட்டடத்தை அடுத்த சந்தை ‘மெட்ரோ கலி’ என்பார்கள். புதியதும் பழையதுமாகக் காமிராக்கள் விற்கும் இடம். அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோ இருந்தது. கல்கத்தாவின் பிரமுகர்களை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் படம் எடுத்த அந்த ஸ்டூடியோ 2016-இல் மூடப்பட்டது. அங்கே சென்று முகப்படம் எடுத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு எந்தக் காலத்தில்தான் முடிந்திருக்கும்?

பழைய காமிரா உடல் ஒன்றை அன்றே வாங்கினேன். மகிழ்ச்சியில், லென்ஸையும் வேறொரு கடையில் பேரம் முடித்து, சோதிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து டார்ச் விளக்கைக் காட்டிப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்திவலை போல் பூஞ்சை படர்ந்திருந்தது! கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தார். நாலாயிரம் ரூபாய் போயிற்று. நேயர்கள் அந்த நாலாயிரத்தை மிச்சப்படுத்தலாம். லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, ஒருபுறம் டார்ச்சைக் காட்டி, மறுபுறம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டொன்று இருப்பதால் பாதகம் இல்லை. நூல்நூலாகக் கிளைத்திருந்தால் வாங்காதீர்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருப்பது, பார்க்க அருவருப்பாக இருந்தாலும், படத்தைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். காமிரா உடலில் ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்ப நிலைக் காமிராக்களில் அது ஏறக்குறைய ஒரு லட்சம் தடவைக்கென வடிவமைக்கப்படுவது. முப்பதாயிரம் ஆகியிருந்தால் வீட்டு உபயோகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பூஞ்சை வெறும் கடைக்காரர் குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொல்கத்தாவின் காற்றில் உள்ள ஈரத்தில் செருப்பிலேயே பூசணம் பூக்கிறது. லென்ஸைத் தோலுறையில் போட்டுப் பீரோவில் பூட்டுவது அதற்கு விருந்து வைப்பது போலாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்தியோ மாற்றியோ வரவேண்டும். எங்கள் வீட்டில் அரிசி டப்பா ஒன்று இதற்காகப் பறிபோனது. அதைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒளிக்கு விளக்கு வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அத்துணியில் பாய்ச்சி, திரும்பி வரும் மென்மையான ஒளியில் படம் பிடித்தார். நிழல் முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் ஒளி போலவே அது இருந்தது. நமக்கோ மெய்யான வானமே ஜன்னலில் இருக்கிறது. நேர்வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில், மூன்றடி தள்ளி ஆளை உட்காரச் சொல்லுங்கள். இருண்ட கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் ஒளி திரும்பி நிரப்பும். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு ஒளியும் கலந்தால் முகத்தில் நிறம் திரியும்.

எப் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டோம் என்பதற்காக எப்போதும் அதை அகலத் திறந்தே எடுக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றரை மீட்டரில் அப்படி எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் ஆறு சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது கரைந்துவிடும். எப் 2.8-இல் அது ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் ஆகிறது, எப் 4-இல் ஏறக்குறைய பதினான்கு. பகலில் இவ்விரண்டுக்கும் இடையில் வைத்துக்கொண்டு, நம் பக்கமாக உள்ள கண்ணின்மேல் கூர்மைப் புள்ளியை வைத்து எடுப்பதே நலம்.

பூஞ்சை இல்லாத லென்ஸ் ஒன்று பின்னர் ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மாவை ஜன்னலருகே உட்காரவைத்து, ஊர்க் கதை கேட்டுக்கொண்டே நாற்பது படங்கள் எடுத்தேன். காமிராவைப் பார்த்தவுடன் அவர் முகம் இறுகிப்போகும். அதனால் முதல் பதினைந்து படங்கள் பயனற்றவை. பிறகு தம் தமையனார் கிணற்றில் விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். தேறிய மூன்று படங்களும் அப்போது கிடைத்தவையே. அவற்றுள் ஒன்றைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளாமல் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, “தோட்டுத் திருகாணி தளர்ந்து இருக்கே, இதை அப்பவே சொல்லக்கூடாதா?” என்றார்.